சிவப்புப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு ஒயர்

தூத்துக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கடிதம் எழுதியிருக்கிறார். வ.உ.சி. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் பிரிட்ஜுக்குள் போய்ப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்கிறது. ரேடார் இரண்டு, மின்னணு வரைபடத் திரை, ஏ.ஐ.எஸ்., நாவ்டெக்ஸ், எக்கோ சவுண்டர், அதோடு வி.எச்.எஃப்., எம்.எஃப்., செயற்கைக்கோள் என்று வயர்லெஸ் மட்டுமே தனி வரிசை. “என் போனில் வரைபடம், பேச்சு, செய்தி எல்லாம் ஒரே கண்ணாடிக்குள் இருக்கிறது. கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய கப்பலில் ஏன் ஐயா இத்தனை பெட்டி? ஒன்றாக்க யாருக்கும் தோன்றவில்லையா?” என்று கேட்கிறார்.

தோன்றியது, தம்பி. நாற்பது வருடமாக அந்த வேலைதான் நடக்கிறது. ரேடார் என்றால் என்ன, ஜி.பி.எஸ். என்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன் உறைந்து நின்றால் அணைத்துப் போட்டுக்கொள்ளலாம். நடுக்கடலில், நடு இரவில், எதிரே ஒரு கப்பல் வரும்போது அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் கப்பல் சட்டம் பெட்டிகள் தனித்தனியாக நிற்பதையே விரும்புகிறது. குறிப்பாக ஆபத்து வயர்லெஸ். கப்பலின் மின்சாரம் மொத்தமாகப் போனாலும் அது தன் சொந்த பேட்டரியில் ஓடியாக வேண்டும். முறையான அவசர ஜெனரேட்டர் உள்ள கப்பலில் 1 மணி நேரம், இல்லாவிட்டால் 6 மணி நேரம் என்பது சர்வதேச விதி. பெட்டிகள் தனியாக இருக்கட்டும், அவை பேசிக்கொள்ளும் விதமும் மனிதன் கை வைக்கும் இடமும் ஒன்றாக இருக்கட்டும் என்பதே உலகம் வந்து சேர்ந்த ஏற்பாடு.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு இதற்காகப் போட்ட தீர்மானங்களை வரிசையாக எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். முக்கியமானவை மட்டும். 2007இல் ஒருங்கிணைந்த வழிசெலுத்தல் அமைப்புக்கான விதிமுறை வந்தது. பாதையைத் திட்டமிடுவது, கண்காணிப்பது, மோதலைத் தவிர்ப்பது, எச்சரிக்கை ஒலிகளை ஒழுங்குபடுத்துவது என்று ஆறு வேலைகளை எந்தத் திரையிலும் கூப்பிட்டுக்கொள்ளலாம். 2018இல், வயர்லெஸ் வழியாக வரும் கடல் எச்சரிக்கைகளை வரைபடத் திரையில் எப்படிக் காட்டுவது என்று தற்காலிக வழிகாட்டி வந்தது. 2019இல் குறியீடுகளும் பொத்தான்களும் எல்லாக் கம்பெனி கருவியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார்கள். 2022இல் வயர்லெஸ் கருவிகளை ஒன்றாக இணைக்கும் தொடர்பு அமைப்புக்குப் புதிய தரம் வகுத்தார்கள்.

இதெல்லாம் மேலே தெரிவது. எனக்குப் பிடித்தது அடியில் இருக்கிறது. பென்சில் ஈயம் அளவுக்கு மெல்லிய இரண்டு ஒயர்.

அமெரிக்காவின் கடல் மின்னணுச் சங்கம் 1983இல் ஒரு பேச்சுமுறையை வகுத்தது. என்.எம்.இ.ஏ. 0183 என்று பெயர். பின்னால் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் அதையே 61162 என்ற எண்ணில் உலகத் தரமாக்கிக்கொண்டது. விதி எளிமையானது. ஒரு ஒயரில் ஒருவர்தான் பேசலாம். எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்பவர் பதில் பேசக் கூடாது. பேச வேண்டுமென்றால் அவருக்குத் தனி ஒயர். வேகமோ நத்தை வேகம். விநாடிக்கு 4800 பிட். ஒரு வாக்கியம் 82 எழுத்தைத் தாண்டக் கூடாது. அப்படிப் பார்த்தால் விநாடிக்கு முழு நீள வாக்கியம் ஆறுகூடத் தேறாது. உங்கள் போன் ஒரு பூப்படத்தை இறக்கும் நேரத்தில் இது சில வரிதான் சொல்லி முடித்திருக்கும். ஆனாலும் இன்றைக்கும் கொள்கலன் கப்பலிலிருந்து விசைப்படகு வரை இதுதான் ஓடுகிறது. ஈதர்நெட் வழி பேசும் தம்பி ஒருவன் வந்துவிட்டான், அவனும் சுமப்பது பெரும்பாலும் இதே வாக்கியங்களைத்தான்.

நண்பகல் 12 மணிக்குத் தூத்துக்குடித் துறைமுக வாயிலில் நிற்கும் ஒரு ஜி.பி.எஸ். கருவி இந்த ஒயரில் சொல்வதை, ஆங்கில எழுத்துகளை நம் எழுத்தாக்கி அப்படியே தருகிறேன்:

$ஜிபிஜிஎல்எல்,0845.00,என்,07813.00,ஈ,063000,ஏ*2பி

முதல் இரண்டு எழுத்து, பேசுவது யார் என்பது. ‘ஜிபி’ என்றால் ஜி.பி.எஸ். நம் நாட்டு நாவிக் பேசினால் ‘ஜிஐ’. ரேடாருக்கு ‘ஆர்ஏ’, ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டருக்கு ‘எஸ்டி’, வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸுக்கு ‘சிவி’. இப்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தலைப்பெழுத்து. 063000 என்பது உலக நேரம் ஆறரை, நமக்குப் பகல் பன்னிரண்டு. அடுத்து நிற்கும் ‘ஏ’தான் எனக்கு மிகவும் பிடித்த எழுத்து. நான் சொல்வதை நம்பலாம் என்று அர்த்தம். கருவிக்குச் செயற்கைக்கோள் சரியாகக் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் ‘வி’ வரும். என் பேச்சை நம்பாதே என்று தானே ஒப்புக்கொள்ளும் இயந்திரம். கடைசியில் உள்ள ‘2பி’ முழு வாக்கியத்தையும் ஒரு கணக்குப் போட்டு எடுத்த சோதனை எண். நடுவில் ஒரே ஒரு எழுத்து கெட்டாலும் கணக்கு உதைக்கும், கேட்பவர் அந்த வாக்கியத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார். விரும்பினால் நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது அந்த 0845.00. இது எட்டு டிகிரி, நாற்பத்தைந்து மினிட் வடக்கு. டிகிரியையும் மினிட்டையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதுவது இந்தப் பேச்சுமுறையின் பழக்கம். தெரியாத ஒருவர் இதை 8.45 டிகிரி என்று படித்தால் என்ன ஆகும்? ஒரு டிகிரிக்கு 60 மினிட். 8.45 டிகிரி என்பது 8 டிகிரி 27 மினிட். உண்மைக்கும் இதற்கும் 18 மினிட் வித்தியாசம். தெற்கு வடக்காக ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல். ஆக 18 கடல் மைல், சுமார் 33 கிலோமீட்டர். தூத்துக்குடித் துறைமுக வாசலில் மூழ்கிக்கொண்டிருப்பவனைத் தேடி மீட்புப் படகு திருச்செந்தூரைத் தாண்டி ஆலந்தலைப் பக்கம் போய் நிற்கும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று நினைக்காதீர்கள். மீனவரிடம் உள்ள கருவி டிகிரி-மினிட் காட்டும், கரையில் இருப்பவரின் போன் தசமத்தில் காட்டும், அலுவலகப் படிவத்தில் டிகிரி-மினிட்-செகண்ட் கேட்கும். போனில் கத்திக் கத்தி எண்ணைச் சொல்லும்போது எங்கே புள்ளி, எங்கே மினிட் என்பது காற்றோடு போய்விடும். இயந்திரமும் இயந்திரமும் ஒயரில் பேசினால் இந்தக் குழப்பமே கிடையாது.

இந்தக் கடலுக்கு ஒயர் விஷயம் புதிதும் அல்ல. முத்துக்குளித்துறையில் கல்லைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குபவரின் உயிர் மேலே தோணியில் கயிறு பிடிப்பவர் கையில். கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தங்கை தாலிக்காகவாவது அவன் கண் அயர மாட்டான் என்று சொல்லப்படுவது நீங்கள் எல்லோரும் கேட்ட கதை. எனக்கு அதில் மச்சானைவிடக் கயிறு முக்கியம். மூச்சு முட்டுகிறவன் வாய் திறந்து பேச முடியாது. கயிறு அசைந்தால் தூக்கு, அவ்வளவுதான். கீழே இருப்பவனுக்கும் மேலே இருப்பவனுக்கும் அதற்கு ஒரே பொருள். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் ஆண்டுதோறும் நடந்த கடைசிப் பெரிய முத்துக்குளிப்புகள் வரை அந்த ஏற்பாடு பிசகவில்லை.

இன்று அந்த இடத்தில் இருப்பது வி.எச்.எஃப். செட்டின் சிவப்புப் பொத்தான். மேலே ஒரு மூடி இருக்கும். மூடியைத் திறந்து, பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். கை பட்டுத் தானாக அமுங்கிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு தனிச் செயல்கள் தேவை என்று விதியே இருக்கிறது. அழுத்தியவுடன் 70ஆம் சேனலில் ஒரு டிஜிட்டல் செய்தி பாயும். குரல் கிடையாது. செய்தியில் படகின் ஒன்பது இலக்க எண், என்ன ஆபத்து என்பதற்கு ஒரு குறியீடு, எங்கே, எத்தனை மணிக்கு என்பவை இருக்கும். இந்தியப் படகென்றால் எண் 419 என்று தொடங்கும், இலங்கை 417, மாலத்தீவு 455.

இடத்தைச் சொல்வது பத்து இலக்கம். நம் துறைமுக வாயிலானால் 0084507813. முதல் சைபர் வடகிழக்குக் கால்பகுதி, பிறகு 08 டிகிரி 45 மினிட், 078 டிகிரி 13 மினிட். இந்த எண் வயர்லெஸ் பெட்டிக்குள் எப்படி வந்தது? ஜி.பி.எஸ். கருவியிலிருந்து அந்த இரண்டு ஒயர் வழியாக. புதிய செட்டுகள் சிலவற்றில் ஜி.பி.எஸ். உள்ளேயே இருக்கிறது. இல்லாத செட்டுக்கு ஒயர்தான் கண்.

அந்த ஒயர் இல்லையென்றால்? பொத்தான் அப்போதும் வேலை செய்யும். செய்தியும் போகும். இடம் என்ற கட்டத்தில் மட்டும் பத்து ஒன்பதுகள் போகும். 9999999999. நேரத்தின் இடத்தில் 8888. நான் ஆபத்தில் இருக்கிறேன், எங்கே என்று எனக்கே தெரியாது என்று டிஜிட்டலில் சொல்லும் முறை அது. பெரிய கப்பலுக்கு இதற்கும் விதி உண்டு. தானாக இடம் வராத செட்டில், கப்பல் ஓடும்போது நான்கு மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது அதிகாரி கையால் தட்டி ஏற்ற வேண்டும். பழைய இடத்தையே வைத்துக்கொண்டிருக்கும் செட் இருபத்துமூன்றரை மணி நேரம் கழித்து அதை அழித்துவிட்டு ஒன்பதுகளுக்குத் திரும்பிவிடும். தவறான இடத்தைச் சொல்வதைவிடத் தெரியாது என்பது மேல் என்று யாரோ நிதானமாக யோசித்து எழுதிய விதி.

செய்தி வந்து சேரும் இடத்தையும் பாருங்கள். கொழும்பை நோக்கிப் போகும் ஒரு கொள்கலன் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். அதன் வி.எச்.எஃப். 70ஆம் சேனலை எந்நேரமும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும், அது சட்டம். செய்தி விழுந்ததும் அலறும். அதோடு தன் பங்குக்கு ஒரு வாக்கியத்தை ஒயரில் அனுப்பும். வரைபடத் திரை அதைப் படித்து, ஆபத்தில் இருக்கும் படகை ஒரு குறியாகத் தன் மேலேயே போட்டுக் காட்ட முடியும். பிரிட்ஜில் நிற்கும் அதிகாரி பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம், உக்ரைன்காரராக இருக்கலாம். நம் படகு டிரைவருக்குத் தமிழ் மட்டுமே தெரிந்திருக்கலாம். தீ, மோதல், கவிழ்தல், மூழ்கல், ஆள் கடலில் விழுந்தது என ஒவ்வொன்றுக்கும் குறியீடு இருப்பதால், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் தேவையில்லை. இந்த வசதியைப் பற்றி நம் கரையில் யாரும் பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை. எனக்கு இது சமுதாயச் சீர்திருத்தம் மாதிரியே தோன்றுகிறது.

நாவ்டெக்ஸிலும் இதே கதைதான். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள நிலையங்கள் 518 கிலோஹெர்ட்ஸில் புயல், ஏவுகணைச் சோதனை, அணைந்துபோன விளக்கு போன்ற எச்சரிக்கைகளை எழுத்தாக அனுப்புகின்றன. பழைய முறையில் அது ஒரு காகிதச் சுருளில் அச்சாகி வரும். அதிகாரி கிழித்து, படித்து, வரைபடத்தில் பென்சிலால் கட்டம் போடுவார். களைத்த கை 45ஐ 54 என்று போட்டால் கேட்பாரில்லை. இப்போது அதை நேரே திரைக்குக் கொண்டுபோகச் சர்வதேச நீரியல் அமைப்பு எஸ்-124 என்றொரு வடிவத்தை வகுத்திருக்கிறது. 2018 வழிகாட்டியின் நோக்கமும் இதுதான்.

எல்லாவற்றையும் தரப்படுத்தியவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒயரின் நிறம். என்.எம்.இ.ஏ. 0183 பேச்சை வரையறுத்ததே தவிர, எந்த நிற ஒயரில் பேச வேண்டும், எந்தப் பிளக்கில் முடிய வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு கம்பெனிக்கு மஞ்சள் பேசும் ஒயர். இன்னொரு கம்பெனிக்கு அதே மஞ்சள் கேட்கும் ஒயர். ‘ஏ’, ‘பி’ என்று முனைக்குப் பெயர் போடுவதில்கூட ஒருவர் நேராகப் போடுகிறார், ஒருவர் தலைகீழாகப் போடுகிறார். மாற்றி இணைத்தால் புகை வராது, சத்தம் வராது. வெறுமனே ஒன்றும் நடக்காது. அதுதான் ஆபத்து. செட் பேசும், பாட்டுப் பாடும், இடம் மட்டும் தெரியாது.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகின் வீல் ஹவுஸில் இதை நேரில் பார்த்தேன். ஒரு பக்கம் நல்ல ஜி.பி.எஸ்., ஒரு முழம் தள்ளி நல்ல வி.எச்.எஃப். செட். வி.எச்.எஃப்.பின் முதுகிலிருந்து நாலைந்து நிற ஒயர்கள் கருப்பு டேப் சுற்றி, உப்புப் பூத்து, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. செட்டின் திரையில் இடம் இருக்க வேண்டிய வரியில் கோடு கோடாக இருந்தது. டிரைவரிடம் கேட்டேன். “செட்டு நல்லாத்தான் பேசுது அண்ணாச்சி. அந்த ஒயர் கம்பெனிக்காரன் சும்மா விட்டது” என்றார். அவர் மேல் தப்பில்லை. பூட்டிக் கொடுத்தவர் சொல்லவில்லை. ஒன்பது இலக்க எண்ணும் அந்த செட்டில் ஏற்றப்படவில்லை. எண் ஏற்றாத செட்டில் சிவப்புப் பொத்தான் வெறும் பிளாஸ்டிக். பல செட்டுகளில் அந்த எண்ணை ஓரிரு முறைதான் ஏற்ற முடியும், தவறாக ஏற்றினால் கடைக்குத்தான் தூக்கிப் போக வேண்டும். ஆகவே ஏற்றும்போதே தெரிந்தவர் கையால் ஏற்ற வேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலை இந்தக் கரை மறக்காது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வி.எச்.எஃப். பார்வைக் கோட்டில் போகும் அலை, படகிலிருந்து இருபது முப்பது கடல் மைல் போனாலே அதிகம். அதற்குப் பிறகு செயற்கைக்கோள் வழியே பேசும் கருவி வேண்டும் என்ற குரல் வலுத்தது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர்களை நாடு முழுவதும் ஒரு லட்சம் படகுகளுக்குக் கொடுக்கும் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. உள்ளூர் மொழியிலேயே செய்தி அனுப்பலாம், வாங்கலாம். மிக நல்ல காரியம். மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெட்டி கொடுக்கும் அன்று பந்தல், மாலை, போட்டோ எல்லாம் உண்டு. ஒயர் இணைக்கும் அன்று யாரும் வருவதில்லை. கணக்கில் ‘கருவி வழங்கப்பட்டது’ என்று ஏறிவிடும். கருவிகள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்ற கட்டம் படிவத்தில் கிடையாது. பெரிய கப்பலில் இதைச் சோதிக்க வகைப்பாட்டுச் சங்கத்து ஆய்வாளர் வருகிறார், வயர்லெஸ் சான்றிதழுக்காக ஆண்டுதோறும் ஆய்வு நடக்கிறது. வள்ளத்துக்கும் விசைப்படகுக்கும் யார் வருகிறார்? படகு கொடுக்கும் மானியத்தில், செட் கொடுக்கும் டெண்டரில், “ஜி.பி.எஸ்.ஸோடு இணைத்து, எண் ஏற்றி, திரையில் இடம் காட்டிய பிறகே பணம்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அரசுக்குக் கூடுதல் செலவு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது.

16ஆம் சேனலில் சினிமாப் பாட்டுப் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது ஆபத்துக்கான சேனல். உங்கள் பாட்டு ஓடும் நேரத்தில் ஒருவர் உதவி கேட்டால் அந்தக் குரல் உங்கள் பாட்டுக்கு அடியில் புதைந்துவிடும். பேச எத்தனையோ சேனல் இருக்கிறது. சிவப்புப் பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிட்டால் பயந்து செட்டை அணைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். 16ஆம் சேனலில் வந்து படகின் பெயர் சொல்லி, தவறுதலாக அழுத்திவிட்டோம் என்று தெரிவியுங்கள். உலகமெங்கும் இந்தத் தவறு நடக்கிறது, யாரும் தூக்கில் போடமாட்டார்கள்.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். உங்களிடம் ஒரு வேலையும் கொடுக்கிறேன். நீங்கள் மின்னணுவியல் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு மல்டிமீட்டரும் கருவிகளோடு வந்த கையேடும் எடுத்துக்கொண்டு, நண்பர்களோடு மீன்பிடித் துறைமுகத்துக்கோ தெரேஸ்புரத்துக்கோ போங்கள். படகுக்காரர்கள் அனுமதித்தால் வி.எச்.எஃப். செட்டைப் போட்டுத் திரையைப் பாருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை தெரிகிறதா, பக்கத்து ஜி.பி.எஸ். காட்டும் எண்ணோடு ஒத்துப்போகிறதா, ஒன்பது இலக்க எண் ஏறியிருக்கிறதா? இந்த மூன்றும்தான். கோடு கோடாக வந்தால் டேப்பைப் பிரித்து ஒயரைத் தேடுங்கள். சிவப்புப் பொத்தானை மட்டும் சோதனைக்காக அழுத்திவிடாதீர்கள். செட்டின் அருகே ஒரு அட்டையில் கடலோரக் காவல்படையின் அவசர எண்ணையும் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்: 1554.